30 மி.மீ. ரிம்மில் 2.4 டயர்: டியூப் இல்லாமல் பூட்டும் வேலை, தொடக்கம் முதல் காற்றழுத்தம் வரை

வேலை இதுதான். 29 அங்குல மலைச் சைக்கிள் சக்கரங்கள் இரண்டு. அலுமினிய ரிம், உள்ளகலம் 30 மி.மீ. அதிலிருக்கும் 2.25 டயர்களையும் டியூப்களையும் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் 2.4 டயர்களை டியூப் இல்லாமல், சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து தானே அடைக்கும் திரவம்) ஊற்றிப் பூட்ட வேண்டும். ஓட்டுபவர் பையும் தண்ணீருமாக 75 கிலோ. பாதை பெரும்பாலும் காய்ந்து இறுகிய மண்; அதன்மேல் பொடிக்கல், இடையிடையே கூர்மையான பாறைத் துண்டுகள். ரிம்மின் அளவு, உள்ளகலம், எடை, பாதை ஆகிய நான்கும் தெரியாமல் "எந்த டயர் நல்லது" என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

ரிம்மை அளந்த பிறகு டயர்

டயரின் பக்கச்சுவரில் இரண்டு வகை அளவுகள் அச்சாகியிருக்கும். ஒன்று 29×2.4 என்பது போன்ற அங்குலக் கணக்கு. மற்றொன்று 61-622 போன்ற மி.மீ. கணக்கு. நம்ப வேண்டியது இரண்டாவதை. 622 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்; 61 என்பது டயரின் அகலம். 27.5 அங்குலம் என்றால் 584, பழைய 26 அங்குலம் என்றால் 559. சாலைச் சைக்கிளின் 700சி ரிம்மும் இதே 622 தான். அதனால் சாலை டயர் மலை ரிம்மில் ஏறும். ஏறுகிறது என்பதற்காக அது பொருந்துகிறது என்று ஆகிவிடாது. அகலமும் ஒத்துவர வேண்டும்.

ரிம்மின் உள்ளகலத்தை வெர்னியர் அளவுகோலால் இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே உட்புறமாக அளக்கவும். வெளியகலத்தை அளந்துவிட்டு 35 என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ற டயர் வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. 25 மி.மீ. உள்ளகலத்துக்கு 2.2 முதல் 2.4 வரை, 30 மி.மீ.க்கு 2.3 முதல் 2.6 வரை, 35 மி.மீ.க்கு 2.5 முதல் 2.8 வரை என்பது பாதுகாப்பான கணக்கு. குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் டயர் பல்பு போல உப்பி, வளைவில் பக்கவாட்டில் மடங்கும். அகல ரிம்மில் குறுகிய டயரைப் போட்டால் டயர் தட்டையாகிவிடும். ஓரத்துப் பட்டன்கள் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) நேர் ஓட்டத்திலேயே தரையைத் தொடும், ரிம்மின் உதடு டயரின் மறைவு குறைந்து கல்லில் அடிபடும்.

ரிம் 1 மி.மீ. அகலமானால் டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. விரியும். 25 மி.மீ. ரிம்மில் இருந்த அதே டயரை 30 மி.மீ. ரிம்முக்கு மாற்றினாலே 2 மி.மீ. கூடிவிடும் என்று இதற்குப் பொருள். புது டயர் காற்றடித்த முதல் ஓரிரு நாளில் இன்னும் 1 மி.மீ. போல இழுபடும். சட்டத்தின் பின்கவட்டிலும் முன் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. காலியாக இருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத அளவு. சக்கரம் சற்றே கோணலாகி, அதன்மேல் சேறும் ஒட்டிக்கொண்டால் அந்த 6 மி.மீ. எங்கே போனது என்றே தெரியாது. உராய்வு தொடங்கினால் கார்பன் சட்டம் ஒரே நாளில் அரிக்கப்பட்டுவிடும்.

உயரமும் மாறும். 2.25இலிருந்து 2.4க்குப் போனால் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ. அளவுக்குக் கூடும். இரண்டு சக்கரத்திலும் மாற்றினால் பெடல் அச்சு அதே அளவு உயரும்; கல்லில் பெடல் தட்டுவது குறையும். முன்னுக்கு மட்டும் மாற்றினால் முன்பக்கம் தூக்கி, ஃபோர்க்கின் சாய்வு சிறிது கூடும். இது குறையல்ல, தெரிந்து செய்தால் சரி.

பட்டன், ரப்பர், துணி

காய்ந்து இறுகிய மண்ணுக்கு 3 மி.மீ. உயரத்தில் நெருக்கமாக இருக்கும் பட்டன்கள் போதும். அதன்மேல் பொடிக்கல் பரவியிருந்தால் 4 முதல் 5 மி.மீ. உயரமும் நடுத்தர இடைவெளியும் வேண்டும். பட்டன் அந்தப் பொடியைக் கிழித்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்க வேண்டும். சேற்றுக்கு 6 மி.மீ.க்கு மேல் உயரமும் நல்ல இடைவெளியும். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு டயர் மொழுக்கட்டையாகிவிடும். உயரமான பட்டனைக் கெட்டித் தரையில் ஓட்டினால் வளைவில் பட்டன் அடியோடு வளையும். திருப்பும்போது ஒரு கணம் பிடித்து, அடுத்த கணம் வழுக்குவது போன்ற அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் காற்றழுத்தமாகவும் இருக்கலாம், பட்டன் வளைவதாகவும் இருக்கலாம். பட்டனின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் இரண்டாவதுதான்.

முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பின்சக்கரம் வழுக்கினால் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் கீழே விழுவதுதான். ஆகவே பிடிப்பு அதிகமான டயர் முன்னால், உருளல் எளிதான டயர் பின்னால். ஓரப் பட்டன்கள் கெட்டியாகவும் வரிசையாகவும் நிற்கும் மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப் முன்னுக்கும், நடுப் பட்டன்கள் பிரேக் பிடிக்க ஏதுவாகக் குறுக்கே அகன்றிருக்கும் டிஎச்ஆர் 2 பின்னுக்கும் என்ற இணை பல ஆண்டுகளாக நீடிப்பதற்குக் காரணம் இதுதான். கான்டினென்டல் தன் கிரிப்டோடால் டயரை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று தனித்தனி வடிவிலேயே தருகிறது. இந்த வேலைக்கு முன்னால் 5 மி.மீ. பட்டனும் மென்மையான ரப்பரும், பின்னால் 4 மி.மீ. பட்டனும் ஒரு படி கெட்டியான ரப்பரும் என்று எடுத்துக்கொண்டோம்.

ரப்பரின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவையில் சொல்வார்கள். எண் குறைந்தால் மென்மை கூடும்: 70 கெட்டி, 60 நடுத்தரம், 42 என்றால் பாறையில் ஒட்டிக்கொள்ளும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், மெதுவாக உருளும். பின்சக்கரத்தில் 42ஐப் போட்டுக்கொண்டு மேடேறினால் கால் சொல்லிவிடும். ஒரே டயரில் நடுவில் கெட்டி, ஓரத்தில் மென்மை என்று இரண்டு மூன்று கலவை சேர்த்து வார்ப்பதும் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் டயர் பெயரைவிட, சின்ன எழுத்தில் இருக்கும் கலவையின் பெயரே முக்கியம். ஷ்வால்பே இதை நிறக்கோட்டால் காட்டுகிறது: சிவப்பு வேகத்துக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, ஆரஞ்சு மென்மைக்கு, ஊதா மிக மென்மைக்கு.

அடுத்தது கேசிங், அதாவது ரப்பருக்குள் இருக்கும் நைலான் துணி. ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதே டி.பி.ஐ. 60 என்றால் தடித்த இழை, முரடு. 120 என்றால் மெல்லிய இழை, வளைந்து கொடுக்கும். ஆனால் வெட்டுப்படாமல் காப்பது டி.பி.ஐ. எண்ணைவிட அடுக்குகளின் எண்ணிக்கையும் பக்கச்சுவரில் வைத்த காப்புத் துணியும்தான். மேக்சிஸ் வரிசையில் எக்ஸோ ஓரடுக்குத் துணியும் மேல் ஒரு காப்புத் துணியும் கொண்டது, டபிள்டவுன் இரண்டடுக்கு. 29×2.4 அளவில் முதல் வகை 900 கிராம் சுற்றி, இரண்டாம் வகை 1100 கிராமுக்கு மேல். கூர்ப்பாறை இருக்கும் பாதையில் 200 கிராமை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னால் மெல்லிய கேசிங்கைப் போடுவது தவறான சிக்கனம். பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. பின்சக்கரம்தான் உடம்பின் எடையைத் தாங்கிக் கல்லில் மோதுகிறது. தடித்த கேசிங் வேண்டியது அங்கே. முன்னால் ஓரடுக்கே போதும்.

வாங்கும் முன் டயரிலும் ரிம்மிலும் 'டியூப்லெஸ் ரெடி' அல்லது அதற்கு நிகரான குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி இல்லாத டயரின் விளிம்புக் கம்பி, அதாவது பீட், தளர்வாக இருக்கலாம். அழுத்தத்தில் ரிம்மை விட்டு எகிறவும் கூடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ரிம் உள்ளகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமான டியூப்லெஸ் ரிம் டேப் (30 மி.மீ. ரிம்முக்கு 32 அல்லது 34), ஒரு சக்கரத்துக்கு இரண்டு சுற்று சுற்ற 4.2 மீட்டர். உள்வால்வை (வால்வுக்குள் திருகியிருக்கும், காற்றைத் தடுக்கும் சிறு பகுதியை) கழற்றக்கூடிய ப்ரெஸ்டா (ஒல்லியான சைக்கிள் வகை) டியூப்லெஸ் வால்வு இரண்டு. லேடெக்ஸ் சீலன்ட் 250 மி.லி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி. பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு. உள்வால்வுச் சாவி. 60 மி.லி. ஊசிக்குழல், அதன் முனைக்கு மெல்லிய குழாய். சோப்புத் தண்ணீர், ஒரு தூரிகை. கம்ப்ரசர், அல்லது காற்றைத் தேக்கி ஒரே வீச்சில் விடும் தரைப் பம்பு. 0 முதல் 4 பார் வரை மட்டும் காட்டும் சிறிய அழுத்தமானி.

கழற்றுதல்

பழைய டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றி இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி, பீட்டை ரிம்மின் நடுப் பள்ளத்தில் தள்ளவும். நடுப் பள்ளத்தின் சுற்றளவு குறைவு. பீட் அங்கே இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும், லீவரே பல சமயம் தேவைப்படாது. இரும்பு லீவரும் திருப்புளியும் வேண்டாம். அவை ரிம் விளிம்பில் போடும் ஒரு சின்னக் கீறலே பின்னால் கசிவாகும்.

டியூபுக்கு அடியில் இருந்த ரப்பர்ப் பட்டையையோ துணிப் பட்டையையோ எடுத்துவிடுங்கள். அதன்மேலேயே புது டேப்பை ஒட்டக் கூடாது.

டேப்: நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம்

டியூப் இல்லாத சக்கரத்தில் காற்று இறங்கினால் எல்லோரும் முதலில் டயரைப் பழிக்கிறார்கள். பெரும்பாலும் டயர்மேல் குற்றமில்லை. ரிம்மின் தரையில் ஸ்போக் துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளையும் வால்வுத் துளையையும் காற்றிடமிருந்து பிரிப்பது மெல்லிய டேப் ஒன்றுதான். அதில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் காற்று ரிம்மின் உட்குழிக்குள் புகுந்துவிடும். புகுந்த காற்று ரிம் முழுவதும் சுற்றி, எந்த ஓட்டை கிடைக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும்: ஒரு ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு), ரிம்மின் பற்றவைப்பு, அல்லது வால்வுத் துளை. வால்வின் அடியில் குமிழி வருகிறது என்று வால்வை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உண்மையான ஓட்டை எதிர்ப்பக்கத்தில் டேப்பின் ஓரத்தில் இருக்கும். கசிவு தெரியும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு.

ஆகவே டேப்பை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

ரிம்மின் உட்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு முறை துடைக்கவும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைப்பதுதான் கணக்கு. பழைய பசை இருந்தால் விரல் நகத்தாலும் ஆல்கஹாலாலும் எடுக்கலாம், உப்புத்தாள் வேண்டாம். ஸ்போக் துளை ஓரங்களில் உலோகப் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் வட்ட அரத்தால் மெல்ல மழுக்கவும். 2 பார் அழுத்தத்தில் டேப் அந்தத் துளைக்குள் சற்றே உள்வாங்கும். பிசிறு அதைக் கத்தி போல அறுத்துவிடும்.

ஆல்கஹால் ஆவியாக ஐந்து நிமிடம் விட்டு, வால்வுத் துளையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொடங்கவும். டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டுங்கள். தளர்வாக ஒட்டினால் நடுப் பள்ளத்தில் பாலம் போல நின்று, அடியில் காற்றறை உண்டாகும். டயர் பூட்டும்போது பீட் அந்தப் பாலத்தைக் கிழித்துவிடும். ஒரு கையால் இழுத்து, மறுகைக் கட்டைவிரலால் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தேய்த்துக்கொண்டே 20 செ.மீ., 20 செ.மீ. ஆகப் போகவும். டேப்பின் இரு ஓரங்களும் பக்கச்சுவரின் அடியில் சிறிது ஏற வேண்டும். ஆனால் சுவரின் மேல்நுனியில் உள்நோக்கி வளைந்திருக்கும் கொக்கி உதடுவரை ஏறக் கூடாது. ஏறினால் பீட் சரியாக உட்காராது. ஒரு சுற்று முடிந்து வால்வுத் துளையைக் கடந்து, அப்படியே இரண்டாம் சுற்று. மெல்லிய டேப்புக்கு இரண்டு சுற்று. தடித்த டேப்புக்கு ஒன்று போதும். முடிவில் வால்வுத் துளையைக் கடந்து 10 முதல் 15 செ.மீ. மேலெழுந்து படிய வேண்டும். 622 ரிம்முக்கு ஒரு சுற்று 1.95 மீட்டர் அளவில் வரும். டேப்பை வெட்டும் முன் நினைவில் வையுங்கள்.

முழுக்க ஒட்டியபின் வெள்ளைத் துணியைச் சுருட்டி, எல்லாப் பகுதியையும் மறுபடி அழுத்தித் தேய்க்கவும். வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் வெளிறிய திட்டுகள் தெரியும் இடமெல்லாம் காற்று மாட்டிய இடம். சிறு குமிழியால் தொல்லையில்லை. ஓரத்திலிருந்து உள்ளே நீளும் சுருக்கம்தான் தொல்லை. அது இருந்தால் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே வழி. மேலே இன்னொரு துண்டு ஒட்டிச் சரிசெய்யப் பார்த்தால் சீலன்ட் அந்த இடுக்கில் நுழைந்து முழு டேப்பையும் கிளப்பிவிடும்.

நேரம் இருந்தால், அன்று டியூபைப் போட்டு 2.5 பார் அடித்து இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. டேப் பள்ளத்தின் வடிவத்துக்குப் படிந்துவிடும். டயரின் பீட்டும் மடித்துக் கட்டியிருந்த கோணலை விட்டு வட்டமாகும்.

வால்வு

வால்வுத் துளையைக் கத்தியால் பெருக்கல் குறி போட்டு அறுக்காதீர்கள். அந்த நான்கு முனைகளிலிருந்தும் கிழிசல் ஓடும். கோணி ஊசி போன்ற கூரான வட்டமுனையைச் சற்றுச் சூடாக்கி, உட்புறத்திலிருந்து துளையின் நடுவில் குத்துங்கள். சூடு விளிம்பை உருக்கி மூடும். துளை வால்வைவிடச் சிறிதாக இருக்கட்டும். வால்வைத் திருகித் தள்ளினால் ரப்பர்போல இறுகப் பிடிக்கும். ப்ரெஸ்டா வால்வுக்கு ரிம் துளை 6.5 மி.மீ. இருக்கும். உங்கள் ரிம் ஷ்ரேடர் (கார் டயரில் இருக்கும் தடித்த வால்வு) அளவில், 8.5 மி.மீ. துளையோடு இருந்தால் ப்ரெஸ்டா வால்வு ஆடும். அதற்கான இடைவளையம் இல்லாமல் பூட்டக் கூடாது.

வால்வின் அடிரப்பர் ரிம்மின் நடுப் பள்ளத்தை நிரப்பி உட்கார வேண்டும். சில வால்வுகளுக்கு வட்டமும் சதுரமும் என இரண்டு அடிரப்பர் தருவார்கள்; பள்ளத்தில் சாயாமல் உட்காருவதைத் தேர்ந்தெடுங்கள். வெளிப்பக்கம் ஓ-வளையத்தை வைத்து நட்டை விரலால் மட்டும் இறுக்கவும். பிளேயர் போட்டு இறுக்கினால் அடிரப்பர் பிதுங்கும். பாதையில் டியூப் போட வேண்டி வந்தால் அதைக் கழற்றவும் முடியாது.

டயர் ஏற்றுதல்

சுழற்சி அம்பைப் பாருங்கள். அம்பு திரும்பிய திசையில் டயர் முன்னோக்கி உருள வேண்டும். டயரின் பெயர் வால்வுக்கு நேரே வரும்படி வையுங்கள். ஓட்டையைத் தேடும்போது டயரில் ஒரு முள்ளைக் கண்டால் ரிம்மில் எந்த இடம் என்று உடனே சொல்லிவிடலாம்.

முதல் பீட்டை ஏற்றியபின், இரண்டாவதை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்கவும். வால்வின் அடிரப்பர் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் பீட் பள்ளத்தில் இறங்காது. அங்கிருந்து தொடங்கினால் கடைசிப் பகுதிக்குத் தளர்வு கிடைக்காது. கடைசி 20 செ.மீ. இறுக்கமாக இருந்தால், எதிர்ப்பக்கத்தில் பீட்டை மறுபடி பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்து, உள்ளங்கையின் அடியால் உருட்டி ஏற்றுங்கள். லீவர் போட்டே ஆக வேண்டுமென்றால் நுனி மட்டும் நுழையட்டும். ஆழமாகக் குத்தினால் அரைமணி நேரம் பாடுபட்டு ஒட்டிய டேப் கிழியும்.

முதலில் சீலன்ட் இல்லாமல் காற்றடிக்கவும். உள்வால்வைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாக நுழையும். பீட் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, பம்பைத் தேக்கி ஒரே வீச்சில் விடுங்கள். டக், டக் என்று பீட் ரிம் தோளில் ஏறும் சத்தம் கேட்கும். டயரின் பக்கச்சுவரிலும் ரிம்மிலும் எழுதியுள்ள உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. இந்த அளவு டயர்களில் அது பெரும்பாலும் 3.5 பார் சுற்றி இருக்கும். பெரும்பாலான டயர்கள் 2 முதல் 2.5 பாருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். முகத்தையும் விரலையும் சக்கரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

உட்கார்ந்ததா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பக்கச்சுவரின் அடியில் ரிம்முக்குச் சற்று மேலே மெல்லிய வார்ப்புக் கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். அந்தக் கோடு ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மூழ்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்கவும். அப்படியே விட்டால் டயர் அந்த இடத்தில் குதிக்கும்.

காற்று எவ்வளவு அடித்தாலும் பீட் ஏறாமல் புஸ்ஸென்று வெளியேறினால், டயருக்கும் ரிம்முக்கும் இடைவெளி அதிகம் என்று பொருள். டியூபைப் போட்டு இரண்டு பீட்டையும் ஏற்றி, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவி எடுத்துவிட்டு, டியூப்லெஸ் வால்வைப் பூட்டுங்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் மறுபக்கம் எளிதில் பிடிக்கும். அதுவும் போதாவிட்டால் இன்னொரு சுற்று டேப் போட்டு ரிம் தரையைச் சற்று உயர்த்தலாம்.

சீலன்ட்

உள்வால்வைக் கழற்றிக் காற்றை விட்டால் பீட் பெரும்பாலும் இடத்திலேயே நிற்கும். வால்வு கடிகாரத்தின் 4 மணி இருக்கும் பக்கம் வரும்படி சக்கரத்தை நிறுத்தி, ஊசிக்குழலால் 29×2.4க்கு 110 மி.லி. செலுத்தவும். மெல்லிய கேசிங்குக்கு 120. 2.25 டயருக்கு 90 போதும். சீலன்ட் புட்டியை அரைநிமிடமாவது பலமாகக் குலுக்காமல் ஊற்றினால், ஓட்டையை அடைக்கும் துகள்கள் புட்டியின் அடியிலேயே தங்கிவிடும். பெரிய ஓட்டைகளில் லேடெக்ஸ் பின்னிக்கொள்ளப் பிடிமானம் தருவது அந்தத் துகள்கள்தான்.

உள்வால்வைச் சாவியால் உறுதியாக இறுக்குங்கள். இது தளர்ந்திருந்தால் பம்பின் தலையைத் திருகி எடுக்கும்போது உள்வால்வும் கூடவே வந்துவிடும். 2 பார் அடித்து, சக்கரத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு பக்கத்துக்கு நன்றாகக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் ஐந்து நிமிடம் படுக்க வையுங்கள். திருப்பி மறுபக்கம் ஐந்து நிமிடம். பக்கச்சுவரில் பால் துளிபோல வியர்த்தால் பயப்பட வேண்டாம், துணியில் ஊறிக் காய்ந்து தானே நிற்கும். பிறகு உடனே அரைமணி நேரம் ஓட்டுங்கள். மூலையில் சாத்தி வைத்த சக்கரத்தைவிட உருண்ட சக்கரத்தில் சீலன்ட் எல்லா இடுக்கையும் விரைவில் எட்டும்.

அவசரத்துக்குக் கரியமில வாயுக் குப்பியால் காற்றடிப்பது வழியில் நேரும். அந்தக் குளிர்ந்த வாயு நேராகச் சீலன்டில் பட்டால் லேடெக்ஸ் உறைந்து கட்டியாகிவிடும். வால்வை மேலே வைத்து அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் காற்றை நிரப்புங்கள்.

கசிவு தேடுதல்

முதல் இரவில் 0.2 பார் இறங்குவது இயல்பு. மறுநாளும் அதே அளவு இறங்கினால் தேட வேண்டும். 2 பார் அடித்து, சோப்புத் தண்ணீரைப் பீட் ஓரம், பக்கச்சுவர், ஒவ்வொரு நிப்பிள், ரிம்மின் இணைப்பு, வால்வின் அடி, வால்வின் நுனி என்ற வரிசையில் தடவுங்கள்.

வால்வின் நுனியில் குமிழி வந்தால் உள்வால்வு. பீட் ஓரத்தில் வந்தால் ரிம் விளிம்பில் நசுங்கலோ அழுக்கோ. நசுங்கலை நிமிர்த்தாமல் சீலன்ட் தாங்காது. பக்கச்சுவரில் சிறு குமிழிகள் கூட்டமாக வந்தால் மெல்லிய கேசிங். அந்தப் பக்கம் கீழே வரும்படி படுக்க வையுங்கள். நிப்பிளிலோ இணைப்பிலோ வால்வின் அடியிலோ வந்தால், மேலே சொன்னபடி, டேப். வால்வு நட்டை ஒரு கால் திருகு இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் டயரைக் கழற்றி டேப்பை மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் 60 மி.லி. சீலன்ட் ஊற்றினால் சில நாள் நிற்பதுபோல் தோன்றும். உள்ளே போன சீலன்ட் ரிம்மின் குழியில் தேங்கி நிப்பிள்களை அரிக்கத் தொடங்கும். குறிப்பாக அலுமினிய நிப்பிள்களை.

காற்றழுத்தம்

கேசிங்கில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தை டயரின் குறுக்கு ஆரத்தால் பெருக்கியது. அதனால் அதே அழுத்தத்தில் அகல டயர் கெட்டியாகத் தோன்றும். 2.25 டயரில் ஓட்டிய அழுத்தத்தையே 2.4இலும் வைத்தால் புது டயரின் பயனில் பாதி போய்விடும்.

75 கிலோவுக்கு, 30 மி.மீ. ரிம்மில் 2.4 டயருக்குத் தொடக்கம்: முன்னால் 1.5 பார் (22 பி.எஸ்.ஐ.), பின்னால் 1.7 பார் (25 பி.எஸ்.ஐ.). எடை 10 கிலோ கூடினால் இரண்டிலும் 0.1 முதல் 0.15 பார் கூட்டலாம். குறைந்தால் அதே அளவு குறைக்கலாம். டியூப் உள்ளே இருந்தால் இவற்றோடு 0.3 பார் சேர்க்கவும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு பிளவு விழும்.

பிறகு ஒரே வளைவையும் ஒரே கல் திட்டையும் பலமுறை ஓட்டி, 0.07 பார் (1 பி.எஸ்.ஐ.) படிகளில் இறக்குங்கள். ஒரு சமயத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் மாற்றவும். கல்லில் ரிம் டொக்கென்று ஓரிரு முறை லேசாகத் தட்டினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள்; ஒரு படி மேலே போங்கள். வளைவில் டயர் ரிம்மின் கீழ் மடங்கி, சைக்கிள் தாமதமாகத் திரும்புவதுபோல் தோன்றினாலும் அதே தீர்வு. பீட்டிலிருந்து புர்ரென்று காற்று துப்பினால் இரண்டு படி. மாறாக, சிறு கற்களில் சக்கரம் துள்ளி, கை அதிர்ந்து, வளைவில் திடீரென்று வழுக்கினால் அழுத்தம் அதிகம். கரடுமுரடான தரையில் அதிக அழுத்தம் வேகம் தராது. ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்குவதிலேயே உழைப்பு போய்விடும்.

அளக்க எப்போதும் ஒரே அழுத்தமானியைப் பயன்படுத்துங்கள். தரைப் பம்பின் முகப்பு 10 பார் வரை காட்டுவதற்காகச் செய்யப்பட்டது, 1.5 பாரில் அது 0.2 பார் பிசகினாலும் தெரியாது. அந்தப் பிசகு நாம் தேடும் திருத்தத்தைவிடப் பெரியது.

வெப்பமும் கணக்கில் வரும். 1.5 பார் என்று மானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. உள்ளே உண்மையில் 2.5 பார். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் அது 3.4 சதவீதம் கூடும், மானியில் 0.08 பார். குளிர்ந்த காலையில் சரிபார்த்த டயர் நண்பகலில் ஒரு படி கெட்டியாகியிருப்பது இதனால்தான். கீழிருந்து 1000 மீட்டர் உயரத்துக்கு வாகனத்தில் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் 0.1 பார் அளவு குறையும். டயர் அந்த அளவு கூடுதலாக இறுகும். மேலே போய்ச் சேர்ந்தபின் அளப்பதே சரி.

பிறகு

சீலன்ட் உலர்ந்துகொண்டேயிருக்கும். வெப்பமான, வறண்ட காற்றில் இரண்டு மாதம், குளிர்ந்த இடத்தில் நான்கு முதல் ஆறு மாதம். உள்வால்வைக் கழற்றி, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை வால்வைக் கீழே வைத்து உள்ளே விட்டுப் பார்த்தால் எத்தனை மி.மீ. நனைகிறது என்று தெரியும். நனையவே இல்லையென்றால் 60 மி.லி. ஊற்றுங்கள். உள்வால்வின் மேல் லேடெக்ஸ் படிந்து காற்று நுழையச் சிரமப்பட்டால், உரித்துப் பார்ப்பதைவிடப் புது உள்வால்வு போடுவது மேல்.

பாதையில் ஓட்டை விழுந்தால் ஓட்டையைக் கீழே திருப்பி ஒரு நிமிடம் நில்லுங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கட்டும். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ரப்பர்த் திரியை அதற்கான ஊசியில் கோத்து ஓட்டையில் குத்தவும்: திரியின் இரு நுனியும் 5 மி.மீ. வெளியே நிற்குமளவு தள்ளி, ஊசியை நேராக உருவுங்கள். முறுக்கி உருவினால் திரியும் கூட வரும். வெளியே நீட்டிய நுனியை அன்றே வெட்ட வேண்டாம், ஓட ஓடத் தேயும்.

திரியும் நிற்காமல் டியூப் போட வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் டயரின் உட்புறத்தை முழுக்கத் துணியால் தடவுங்கள். மாதக்கணக்கில் சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்த முட்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். துணி மாட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முள். பிளேயரால் உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ, எது நீளமோ அந்தப் பக்கம் பிடித்து உருவி எடுத்தபிறகே டியூப்.